ஏழு கொட்டைக்கு என்ன வரம்?



கூலாயிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறானாம். சனிக்கிழமை மாலை ஆனால் போதும், நான்கைந்து நண்பர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள், தாளில் எதையோ எழுதுகிறார்கள், அழிக்கிறார்கள், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "பகடை என்றாலே எனக்குத் தருமர் நாட்டை இழந்த கதைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒருநாள் அவன் தாளை எடுத்துப் பார்த்தேன். வலிமை 15, அறிவு 9, கவர்ச்சி 12 என்று எழுதியிருந்தது. இது என்ன டீச்சர், விளையாட்டா, ஜாதகமா?" என்று கேட்டிருக்கிறார்.

அது சூதாட்டமோ என்ற பயம் அந்தத் தாயாருக்கு வேண்டாம். அதில் பந்தயம் இல்லை, பணம் இல்லை, ஒருவர் தோற்று இன்னொருவர் வெல்வதும் இல்லை. ஆனால் 'ஜாதகமா?' என்று கேட்டாரே, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. கடந்த சில மாதங்களாக எங்கள் தோட்டப் பள்ளியிலும் இதே வகையான விளையாட்டு ஒன்றை நம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி நாங்களே கட்டி வருகிறோம். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறேன்.

கூத்து உண்டு, வசனம் இல்லை

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டை விளக்குவது எளிது. கூத்தில் ஆளுக்கு ஒரு வேடம். கட்டியக்காரன் வந்து கதையை எடுத்துச் சொல்வான், இடையிடையே வேடிக்கை பண்ணுவான், காட்சியை நகர்த்துவான். இந்த மேசை விளையாட்டிலும் ஆளுக்கு ஒரு பாத்திரம் உண்டு. கட்டியக்காரனைப் போல ஒரு கதைசொல்லியும் உண்டு. "நீங்கள் நால்வரும் ஆற்றங்கரையில் நிற்கிறீர்கள். பாலம் இல்லை. என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பார். பிள்ளைகள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று வாயால் சொல்வார்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. செய்ய நினைத்தது கைகூடுமா என்று ஐயம் வந்தால் மட்டும் பகடையை உருட்டுவார்கள்.

இந்த வகையில் முதன்முதலில் அச்சாகிக் கடைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1974ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. நம் மலேசியாவிலேயே செடெக் சியூ என்னும் எழுத்தாளரும் முன் காவ் என்னும் ஓவியரும் சேர்ந்து, தென்கிழக்காசியக் கதைமரபை வைத்து, 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற வரிசையில் சிறு நூல்களைக் கொண்டு வந்தார்கள். டிராகனும் ஐரோப்பியக் கோட்டையும் இல்லாமலே இந்த விளையாட்டை நடத்தலாம் என்று அவை காட்டின.

தலையெழுத்தா, தேர்வா?

அந்த 1974ஆம் ஆண்டு விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள் உண்டு: வலிமை, அறிவு, விவேகம், உடல் தாங்கும் திறன், சுறுசுறுப்பு, கவர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். மிகக் குறைவு 3, மிக அதிகம் 18. மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். அவற்றில் ஒரே ஒரு விதந்தான் 18. பத்தும் பதினொன்றும் 54 விதங்களில் வந்துவிடும், அதாவது நான்கில் ஒரு பங்கு. ஆகவே பெரும்பாலோர் நடுத்தரமாகவே பிறப்பார்கள். அபூர்வமாக ஒரு பீமன் பிறப்பான். அபூர்வமாக ஒரு நோஞ்சானும் பிறப்பான். கூலாய்த் தாயார் 'ஜாதகம்' என்றது இந்த முறைக்குச் சரியாகவே பொருந்தும். என்ன விழுந்ததோ அதுதான் தலையெழுத்து.

இப்படிப் பிறந்த எண்களை வைத்துக்கொண்டு நன்றாக விளையாடியவர்கள் நிறைய உண்டு. ஆனாலும் சிலர் வேறு வழி தேடினார்கள். 1981இல் 'சாம்பியன்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. பகடையால் பிறக்காமல், கையில் கொடுத்த புள்ளிகளைச் செலவழித்து ஆற்றல்களை 'வாங்கி'ப் பாத்திரத்தைக் கட்டும் முறை அதில் இருந்தது. 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' அதே முறையை எல்லா வகைக் கதைகளுக்கும் பொதுவாக்கியது. நல்ல திறமைக்கு விலை உண்டு. குறையை ஏற்றுக்கொண்டால் புள்ளி திரும்பக் கிடைக்கும். சந்தைக்குப் போகும் குடும்பத் தலைவியின் கணக்குதான் இது. பையில் இருப்பது இவ்வளவு, வீட்டுக்கு வேண்டியது எது?

பள்ளிக்கூடத்துக்கு இந்த இரண்டாவது முறையையே எடுத்துக்கொண்டேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 'உன் தலையெழுத்து இது' என்று சொல்ல ஆட்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். பகடையும் அதையே சொல்ல வேண்டியதில்லை.

நம் கதைகளில் வரம்

ஆற்றல்களை அமைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வெளிநாட்டு நூல்களைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. நம் புராண இதிகாசங்களில் வரம் என்று வருவதெல்லாம் இதே கலைதான்.

இரணியனைப் பாருங்கள். மனிதனாலும் சாவு வேண்டாம், விலங்காலும் வேண்டாம். பகலிலும் வேண்டாம், இரவிலும் வேண்டாம். உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம் என்று கேட்டு வாங்கினான். ஓட்டையே இல்லாத வரம் என்று நினைத்தான். அந்திநேரத்தில், வாசற்படியில், மனிதனும் சிங்கமும் கலந்த உருவம் வந்து நின்றது. விதியை எழுதுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கதை இது. எவ்வளவு நீளமாக எழுதினாலும், வாசிப்பவர் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிப்பார். ஆகவே வரத்தைச் சுருக்கமாக எழுதி, அதன் எல்லையையும் நாமே வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

அடுத்து வாலி. எதிரே நின்று போரிடுபவரின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும். இப்படி ஒரு வரம் இருந்தால் எதிரே யார் நிற்பார்? கடைசியில் இராமனே மறைந்து நின்று அம்பெய்தான். அது சரியா தவறா என்று பட்டிமன்றத்தில் இன்றும் வாதாடுகிறோம். மேசை விளையாட்டிலும் இதுவே நடக்கும். ஒருவருக்கு அளவு கடந்த ஆற்றலைக் கொடுத்துவிட்டால், கதைசொல்லி அவரை அடக்குவதற்கு மறைந்து நின்று அம்பெய்ய வேண்டி வரும். பிறகு மேசையில் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

கர்ணன் கற்ற வித்தைக்கு விலை இருந்தது. பரசுராமரிடம் கற்றது வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்ற சாபம் கூடவே வந்தது. விலை இல்லாத வித்தையாக இருந்திருந்தால் கர்ணன் கதையைக் கேட்டு யார் கண்ணீர் விடப் போகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது பாண்டவர்களின் பதின்மூன்றாம் ஆண்டு. விராட மன்னனின் அரண்மனையில் ஒளிந்து வாழ வேண்டும். வில்லும் கதையும் மரத்தில் கட்டித் தொங்குகின்றன. இப்போது பீமன் சமையல்காரன். அருச்சுனன் நடனம் கற்பிக்கும் பிருகந்நளை. நகுலன் குதிரை பார்க்கிறான். சகாதேவன் பசுக்களைப் பார்க்கிறான். தருமர் மன்னனோடு பகடை ஆடுகிறார். திரௌபதி அரசிக்குத் தலைவாருகிறாள். ஆட்கள் அவர்களேதான். கதை மாறியதும் ஆற்றலின் மதிப்பும் மாறிவிட்டது. போர்க்களத்தில் யாரும் கேட்காத குதிரை வைத்தியம் இங்கே சோறு போடுகிறது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: ஒரு வரத்தைக் கொடுக்கும்போது அதற்கு ஓர் எல்லை, ஒரு விலை, ஒரு வேலை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எல்லையும் விலையும் விளையாட்டு எழுதுகிற பலருக்கும் தெரிந்தவை. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏழு கொட்டைக் கணக்கு

எங்களுடையது மாணவர் குறைந்த பள்ளி. இரண்டு வகுப்புகள் ஒன்றாக அமரும். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது; குடும்பங்கள் பல தாமானுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் பள்ளிக்குப் பின்புறத்தில் பழைய ரப்பர் மரங்கள் சில நிற்கின்றன. அவை உதிர்க்கும் கொட்டைகள்தாம் எங்கள் புள்ளிகள்.

பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஏழு கொட்டை. நான்கு குணங்கள்: வலிமை, கைத்திறன், அறிவு, பேச்சு. ஒரு குணத்துக்கு அதிகமாக மூன்று கொட்டை வைக்கலாம், வைக்காமலும் விடலாம். இவை போக, தனி வரம் ஒன்று வேண்டுமானால் அதற்கு இரண்டு கொட்டை விலை. ஏதாவது ஒரு குறையை ஏற்றுக்கொண்டால் ஒரு கொட்டை திரும்பக் கிடைக்கும்.

ஒரு காரியம் செய்ய வேண்டி வந்தால் இரண்டு பகடைகளை உருட்டி, அந்தக் குணத்துக்கு வைத்த கொட்டையையும் கூட்ட வேண்டும். சாதாரணக் காரியத்துக்கு 7 வேண்டும். கடினமான காரியத்துக்கு 9 வேண்டும்.

இந்தக் கணக்கை ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டே போடச் சொன்னேன். இரண்டு பகடைகள் 36 விதமாக விழும். சாதாரணக் காரியம் கொட்டை இல்லாமலே 21 விதங்களில் கைகூடும். ஒரு கொட்டை வைத்தால் 26, இரண்டு வைத்தால் 30, மூன்று வைத்தால் 33. அதாவது முதல் கொட்டை ஐந்து வழிகளைத் திறக்கிறது, இரண்டாவது நான்கு, மூன்றாவது மூன்று. கடினமான காரியத்திலோ கொட்டை இல்லாதவருக்கு 10 வழிகள்தாம். ஒன்று வைத்தால் 15, இரண்டு வைத்தால் 21, மூன்று வைத்தால் 26. ஆகவே எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர் அன்றாட வேலையில் சமாளித்துவிடுவார். ஒன்றில் தேர்ந்தவர் நெருக்கடியில் கைகொடுப்பார். இரண்டில் எது சிறந்தது என்று கணக்கும் சொல்லாது, டீச்சரும் சொல்லக்கூடாது. அப்படி இருந்தால்தான் அது உண்மையான தேர்வு. ஒரு வழிதான் சரி என்று ஆகிவிட்டால் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள், தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

மூன்றுக்கு மேல் ஏன் கூடாது என்று ஒரு பையன் கேட்டான். "ஐந்து கொட்டை வைத்தால் என்ன ஆகும்? நீயே கணக்குப் போடு" என்றேன். போட்டுப் பார்த்தான். சாதாரணக் காரியத்தில் 36க்கு 36. "அப்பறம் பகடை எதுக்கு டீச்சர்?" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

வரம் எழுதும் விதம்

எங்கள் கதையின் பெயர் 'வெள்ளம் வந்த இரவு'. ஜோகூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி நகரமே மூழ்கியது. மாநிலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சிலும் பத்து பகாட், சிகாமாட் வட்டாரங்கள் உட்பட மாநிலமெங்கும் 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். எங்கள் மாணவர்களில் சிலர் பாய் தலையணையோடு மண்டபத்தில் படுத்தவர்கள். அரக்கனோடு போரிடுவதைவிட இந்தக் கதை அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

வரங்களையும் நம் இடத்திலிருந்தே எடுத்தோம். பழைய பயிற்சிப் புத்தக அட்டையை வெட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று வரிகள் எழுதினோம்: என்ன செய்யும், எது செய்யாது, எத்தனை முறை.

மும்மொழி வரம்: மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் பகடையில்லாமல் பேசிப் புரியவைக்கலாம். ஆனால் புரியவைப்பது மட்டுந்தான். சம்மதிக்க வைக்கப் பகடையை உருட்டியே ஆக வேண்டும்.

கைவைத்திய வரம்: அடிபட்டவரை மறுபடி நடக்க வைக்கலாம். ஒருவருக்கு ஒரு கதையில் ஒரு முறைதான்.

நிலமறிந்த வரம்: "இந்த வழி எங்கே போகும், தண்ணீர் எங்கே ஏறும்?" என்று கதைசொல்லியை ஒரு கதையில் இரண்டு முறை கேட்கலாம். அவர் உண்மையே சொல்ல வேண்டும். தோட்டத்து எல்லைக்கு வெளியே இந்த வரம் செல்லாது.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அமெரிக்க விளையாட்டில் 1975இல் 'திருடன்' என்ற பாத்திர வகை சேர்ந்தது. சுவர் ஏறுவது, ஒளிந்து நடப்பது, பூட்டைத் திறப்பது எல்லாம் அவன் திறமைகள். அதுவரை யார் வேண்டுமானாலும் "நான் மெல்ல ஒளிந்து போகிறேன்" என்று சொல்லலாம். திருடன் வந்த பிறகு, "அது திருடனுக்குத்தானே முடியும்?" என்ற எண்ணம் பல மேசைகளில் வந்துவிட்டது. ஒருவருக்கு ஓர் ஆற்றலை உரிமையாக எழுதும்போது, எழுதாமலேயே மற்றவர்களிடமிருந்து அதைப் பிடுங்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் எங்கள் விதி இது: நீச்சல் வரம் இல்லாதவனும் தண்ணீரில் இறங்கலாம், அவனுக்கு 9 வேண்டும். வரம் உள்ளவன் பகடையில்லாமலே ஒரு முறை அக்கரை சேர்வான். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். சாவி வைத்திருப்பவனுக்குத் தாழ் எளிதில் விலகும், அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், "எனக்கு எதுவுமே ஆகக்கூடாது டீச்சர், அந்த வரம் போதும்" என்றான். அவனுக்கு இரணியன் கதையைச் சொன்னேன். அவன் பக்கத்தில் இருந்தவள் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்: "உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா நாங்கல்லாம் எதுக்குடா?"

குறைக்கு விலை உண்டா?

குறையை ஏற்றுக்கொண்டால் ஒரு கொட்டை திரும்பக் கிடைக்கும் என்றேன் அல்லவா? இதில் பெரியவர்களும் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு விளையாட்டுகளில் குறைப் பட்டியலைப் பார்த்தால் ஒற்றைக் கண், முடம், குருடு என்று உடற்குறைகளும் விலைபோட்டு எழுதப்பட்டிருக்கும். எங்கள் வகுப்பில் காலைச் சாய்த்து நடக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு முன்னால், "நான் நொண்டி, எனக்கு ஒரு கொட்டை கொடுங்கள்" என்று இன்னொரு பிள்ளை கேட்பதை நான் விரும்பவில்லை.

ஆகவே எங்கள் மேசையில் உடலைக் குறையாக எழுத முடியாது. பழக்கத்தையும் கடமையையுந்தான் எழுதலாம். 'முன்கோபக்காரன்', 'இருட்டென்றால் பயப்படுவான்', 'தங்கச்சியை விட்டுவிட்டு எங்கும் போகமாட்டான்' என்பன போன்றவை. கடைசியில் சொன்னதைப் பாருங்கள். அது குறையா, நிறையா? வெள்ளத்தில் ஓட வேண்டியவனுக்கு அது தடை. ஆனால் அந்தத் தடையால்தான் கதைக்கு உயிர் வருகிறது. நல்ல குறை ஒன்று பிள்ளையை முடிவெடுக்க வைக்கும். 'கணக்கில் கொட்டை குறைவு' என்பதோடு நின்றுவிடும் குறையால் பயன் இல்லை.

கதையில் வேலை கொடுங்கள்

முதல் வாரம் ஆறு பேரில் ஐந்து பேர் வலிமைக்கு மூன்று கொட்டை வைத்தார்கள். நான் எதிர்பார்த்ததுதான். அவர்கள் பார்க்கும் படங்களில் எல்லாம் அடிதடிதானே வேலை செய்கிறது? இதைத் திருத்த வலிமையின் விலையை ஏற்றலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். நான் விலையைத் தொடவில்லை. கதையின் பக்கம் போனேன்.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது விளங்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்குத் தாவி வெட்டும் ஆற்றல் உண்டு, ஆட்டுக்கு இல்லை. இருந்தும் ஆடு வெல்கிறது. ஆட்டுக்குப் பல் முளைக்க வைத்தா அந்த ஆட்டத்தைச் சமன் செய்தார்கள்? கூடி நின்று வழியை அடைப்பதற்குப் பயன் இருக்கும்படி கட்டத்தை வரைந்தார்கள். பலமில்லாதவருக்கும் வேலை இருக்கும் களத்தை அமைப்பதுதான் அதில் உள்ள வித்தை.

எங்கள் கதையிலும் அப்படியே செய்தோம். மரம் விழுந்து கதவை அடைத்துக்கொள்கிறது, வலிமை வேண்டும். நீர் இறைக்கும் இயந்திரம் நின்றுவிடுகிறது, கைத்திறன் வேண்டும். எந்த மேட்டுக்குப் போனால் தப்பலாம்? அறிவு வேண்டும். கடைசி வீட்டுத் தாத்தா, "இந்த லயத்தை விட்டு நான் எங்கும் வரமாட்டேன்" என்று நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வலிமைக்காரர்கள் ஐவரும் "தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார்கள். "தூக்கினால் தாத்தா கைத்தடியால் அடிக்கிறார், நாற்காலியை விடமாட்டேன் என்கிறார், தண்ணீர் ஏறுகிறது" என்றேன். மேசையில் சிரிப்பு. பேச்சுக்கு மூன்று கொட்டை வைத்திருந்த ஒரே சிறுமி, பாட்டியின் படத்தை எடுத்துத் தாத்தாவின் கையில் கொடுத்து, "பாட்டி நனையக்கூடாது தாத்தா, இத நீங்கதான் புடிச்சிக்கணும்" என்றாள். அதற்குப் பகடை உருட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விதி விதிதான், உருட்டினாள், 9க்கு மேலேயே விழுந்தது. இரண்டாவது வாரம் யாரும் சொல்லாமலே கொட்டைகள் இடம் மாறின.

ஒரு சிறுமியின் அட்டை

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை நிலை போடுகிறோம் அல்லவா? பெரும்பாலான பாடங்களில் அவள் ஒன்றிலும் இரண்டிலும் நிற்பவள். அட்டையில் வலிமைக்கு 3, கைத்திறனுக்கு 3 என்று எழுதியிருந்தாள். அறிவுக்கு 0. பேச்சுக்கு 0. மீதி ஒரு கொட்டையைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். வரம் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"வரம் வேணாமாம்மா?"

"எனக்கு வேணாம் டீச்சர். நான் மக்குதானே."

அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டு முகவரியைச் சொல்வது போலச் சொன்னாள். பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை நான்கு எண்களில் எழுதிக் கொடுத்துவிடும் தாள் இது. அடித்துத் திருத்த வேண்டிய விடைத்தாள் அன்று. ஆகவே நான் அந்தச் சுழியத்தைத் தொடாமல், "பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டேன். பாட்டியோடு மாட்டுக்குப் புல் அறுக்கப் போவாளாம். எங்கே என்றேன். ஆற்றோரம், பழைய ரப்பர்க் காடு, செம்பனை நாலாம் நம்பர் வெளிக்காடு என்று அடுக்கினாள். மழை வந்தால் எந்தப் பள்ளத்தில் முதலில் தண்ணீர் நிற்கும், எந்த மேட்டில் மாட்டைக் கட்டலாம் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள்.

நிலமறிந்த வர அட்டையை அவள் முன்னால் வைத்தேன். விலை இரண்டு கொட்டை. அவள் கையில் இருப்பது ஒன்று. கொஞ்ச நேரம் யோசித்து, வலிமையிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்தாள்.

கதையில் எல்லாரும் பெரிய சாலைப் பக்கம் ஓடத் தயாரானபோது, அவள் தன் வரத்தைப் பயன்படுத்தி, "அங்க தண்ணி எப்ப ஏறும்?" என்று கேட்டாள். விதிப்படி நான் உண்மையைச் சொன்னேன்: அந்தச் சாலைதான் முதலில் மூழ்கும். ஆறு பேரும் அவள் பின்னால் மேட்டுக்குப் போனார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். புல் அறுக்கப் போனவளுக்கு அன்று அந்தத் தோட்டமே ஆயுதமானது.

மூன்று வாரம் கழித்துப் புது அட்டை எழுதினார்கள். அவள் அறிவு என்ற இடத்தில் 1 என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். "டீச்சர், வழி தெரியறதும் அறிவுதானே?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

இதனால் அவள் கணக்குப் பாடத்தில் ஆறாம் நிலைக்கு ஏறிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்பாடு இன்னும் அவளுக்குச் சிரமந்தான்; அதற்குத் தனியாக உழைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இப்போது கேள்வி கேட்கக் கையைத் தூக்குகிறாள்.

வீட்டில் நடத்த

தாய்மார்களே, இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. லூடோப் பெட்டியில் இருக்கும் பகடைகள் இரண்டு, புளியங்கொட்டையோ ரப்பர்க் கொட்டையோ கொஞ்சம், பழைய அட்டை, பென்சில் ஆகியவை போதும். கடையில் விற்கும் இருபது முகப் பகடை இல்லாமலே நடத்தலாம். அக்காள் கதைசொல்லியாக இருக்கட்டும்; தம்பி தங்கைகள் பாத்திரமாக இருக்கட்டும். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையே கதை சொல்லச் சொல்லுங்கள். பால் வெட்டிய காலத்தில் யானை வந்ததும், காண்டா வாளியோடு ஓடியதும் அவர்களுக்குத்தானே தெரியும்? மேசையில் தமிழும் தானாக வளரும். 'சம்மதிக்க வை', 'பேரம் பேசு', 'வழிமறி' போன்ற சொற்களைப் பாடநூலில் படிப்பதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளை ஒரு வரத்தைத் தேர்ந்தெடுத்தால், அன்றைய கதையில் ஓர் இடத்திலாவது அந்த வரத்துக்கு வேலை வைக்க வேண்டும். தையல் தெரிந்தவளைத் தேர்ந்தெடுத்தாளா? கதையில் எங்காவது ஒரு படகுப் பாய் கிழியட்டும். வேலை கொடுக்காமல் வரம் கொடுப்பது, அடுப்பில்லாத வீட்டுக்குப் பானை வாங்கிக் கொடுப்பதற்குச் சமம்.

கூலாய்த் தாயாருக்கு என் பதில் இதுதான் அம்மா: உங்கள் மகன் எழுதி வைத்திருப்பது பகடை போட்டுப் பிறந்த ஜாதகமாக இருக்கலாம். ஆனாலும் அந்த 9 அறிவை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்யப் போகிறான் என்பது அவன் கையில்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை தேநீரோடு போய், "உன் ஆளுக்கு என்ன வரம்? அதற்கு என்ன விலை கொடுத்தான்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவான். வயது பதினைந்தில் இருக்கும் பையன் தாயிடம் ஒரு மணி நேரம் பேசுவதும் ஒரு வரந்தானே!

மற்ற வாசகர்களும் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதிய வரங்களில் ஒன்றை எனக்கு எழுதி அனுப்புங்கள். என்ன செய்யும், எது செய்யாது, எத்தனை முறை என்ற மூன்று வரிகளையும் மறவாமல் எழுதச் சொல்லுங்கள். எங்கள் மேசையில் ஆடிப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று இந்தப் பகுதியிலேயே சொல்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.